உறைக்கு எடுத்த அளவு

ஒரு குண்டூசிகூட வாங்கவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் எதிர்மனுவில் எழுதியிருந்தார்கள். தையல்காரியிடம் வந்து குண்டூசிக் கதை சொல்கிறார்கள் பாருங்கள், அந்தத் துணிச்சலுக்கே ஒரு கும்பிடு போட வேண்டும். குடும்ப நீதிமன்றத்து வராந்தாவில், ஒரு கால் ஆடும் பெஞ்சில் உட்கார்ந்து அவள் அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். முதல் தடவை புரியவில்லை. இரண்டாம் தடவை புரிந்தது. மூன்றாம் தடவை படித்தபோது காது மடல் வரைக்கும் சூடேறியது.

அவளுக்கு வயது முப்பத்திரண்டு. வேலை செய்யும் தையல் கடையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ‘அரை இஞ்சு’தான். அரை இஞ்சு கூடினாலும் குறைந்தாலும் தைத்த துணியைப் பிரித்து மறுபடி தைக்கிறவள். கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள், வாடிக்கையாளர்கள் அவளைத்தான் கேட்டு வருவார்கள். அளவு நோட்டும் டேப்பும் இல்லாமல் அவள் கடைத்தெருவுக்குக்கூடப் போனதில்லை.

கல்யாணம் நாலு வருஷம் நீடித்தது. நீடித்தது என்று சொல்வதே அதிகம். கோபம் வந்தால் கை நீளுகிற புருஷன், அந்தக் கை நீளும்போதெல்லாம் அடுப்படியில் தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிடுகிற மாமியார். ஒருநாள் கன்னத்தில் விழுந்த அடியோடு, ஒரு கைப்பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவில்லை. விவாகரத்து ஆகி ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அதற்காக அவள் அழவும் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கொண்டு போன பொருளைத் திருப்பிக் கொடு.

அதிலும் முக்கியமாக மிஷின். மோட்டார் வைத்த பவர் மிஷின், பெரிய மேசையோடு. மற்றதெல்லாம் அப்பா வாங்கியவை. மிஷின் அவள் வாங்கியது. துணி ஆலையில் ஆறு வருஷம் ஓவர்டைம் பார்த்து, தீபோல எரிகிற கண்ணோடு வாங்கியது. அதைக் கல்யாணத்துக்கு முன்னால் அப்பா, “அதையும் சீர்லயே சேர்த்துடுவோம்மா, பார்க்கக் கொஞ்சம் நிறைவா இருக்கும்” என்று சேர்த்துவிட்டார். நிறைவாகத்தான் இருந்தது, அவர்கள் வீட்டுக்கு.

இப்போது மருந்துக்கடைக்காரர் தன் கடையை ஒட்டிய சின்ன அறையை அவளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். “மிஷினைக் கொண்டு வந்து போடும்மா, மத்ததை அப்புறம் பேசிக்கலாம். ஆனா பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள போட்டுடணும். வேற ஆளும் கேக்கறாங்க.” பள்ளிக்கூடம் திறக்கிற நேரம்தான் தையல்காரர்களுக்கு அறுவடை. அந்தத் தெருவிலேயே இரண்டு பள்ளிகள். மிஷின் வந்தால் சொந்தக் கடை. வராவிட்டால் இன்னும் பத்து வருஷம் அடுத்தவர் கடையில் காஜா எடுத்துப் பட்டன் தைக்க வேண்டியதுதான்.

அன்றைக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு மடிக்கணினியைத் திறந்து வைத்தார். கல்யாண வீடியோ. கல்யாண மண்டபம், மாலையோடு அவள், பக்கத்தில் அவன். நடுவில் அவளுடைய அப்பா மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பிளம்பர் அவர். ஊரார் வீட்டுக் கசிவையெல்லாம் அடைக்கிறவர், தன் வாயை மட்டும் அடைக்கத் தெரியாதவர்.

“சம்பந்தி வீட்டுக்காரங்க தங்கமான மனுஷங்க. எங்ககிட்ட ஒரு குண்டூசிகூடக் கேக்கல. கட்டின துணியோட பொண்ணை அனுப்புங்கன்னுட்டாங்க. இப்படிப்பட்ட இடம் எந்தப் பொண்ணுக்குக் கிடைக்கும்?” வீடியோவில் எல்லாரும் கை தட்டினார்கள். மாமியார் வெட்கப்பட்டுத் தலை குனிந்தாள். அந்தக் குனிவுக்கு மட்டும் ஒரு பரிசு கொடுக்கலாம்.

வக்கீல் நிமிர்ந்தார். “பெண்ணின் தகப்பனாரே சொல்கிறார். இதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல?”

ஜட்ஜம்மா அவளுடைய வக்கீலைப் பார்த்தார். வக்கீலம்மா அவளைப் பார்த்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தன் செருப்பைப் பார்த்தார்.

வராந்தாவுக்கு வந்ததும் வெடித்துவிட்டாள். “ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க? யாரு சொல்லச் சொன்னா?”

“அந்தம்மாதான் மேடை ஏறும்போது காதுல வந்து சொன்னாங்க. நாலு பேரு முன்னாடி எங்க மரியாதையைக் காப்பாத்துங்கன்னு. சபையில கேட்டா எப்படிம்மா மாட்டேன்னு சொல்றது?”

“சரி. அவங்க எழுதிக் குடுத்த லிஸ்ட்டு? கட்டில், பீரோ, ஃபிரிட்ஜுன்னு அவங்க கைப்பட எழுதி, காலண்டர் தாள் பின்னாடி குடுத்தாங்களே, அது எங்க?”

அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார். “கிழிச்சுப் போட்டுட்டேன்மா.”

“ஏன்?”

“யாராவது பார்த்தா அவங்களைத் தப்பா நினைப்பாங்களேன்னு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். எதிராளியின் பூசணிக்காயைத் தன் சோற்றைப் போட்டு மறைத்துக் கொடுத்தவரை எங்கேயாவது பார்த்ததுண்டா? அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர்கள் மேல் வந்த கோபத்தைவிட அப்பா மேல் வந்த கோபம்தான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது. அவர்கள் திருடர்கள், திருடர்கள் அப்படித்தான். இவர் கதவைத் திறந்துவிட்டு விளக்கும் பிடித்தவர்.

“பில்லாவது இருக்கா?” என்று வக்கீலம்மா கேட்டாள். பில் எல்லாம் பீரோ லாக்கரில். பீரோ அவர்கள் வீட்டில். “போட்டோ?” வீட்டில் சாமான் இறங்கும்போது போட்டோ எடுக்க வேண்டாம், கண் பட்டுவிடும் என்று மாமியார் தடுத்துவிட்டாள். “ஏதாவது ஒண்ணு வேணும்மா. வாய் வார்த்தையை வெச்சு நான் என்ன வாதாட முடியும்?”

“உறை தைச்சேன்” என்றாள் அவள்.

“என்ன உறை?”

அவளுக்கே அப்போதுதான் அது உறைத்தது. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் மாமியார் போன் செய்து, “கொண்டு வர்ற சாமான் எல்லாத்துக்கும் உறை தைச்சுப் போட்டுக் கொண்டு வா, லாரியில தூசி படும்” என்று உத்தரவு போட்டிருந்தாள். இவள் டேப்பை எடுத்துக்கொண்டு, அப்பா வீட்டுக் கூடத்தில் குவிந்து கிடந்த ஒவ்வொன்றையும் அளந்தாள். அளந்ததை எழுதினாள். எதில்? அவள் வேறெதில் எழுதுவாள்? அளவு நோட்டில்தான். கைப்பையோடு வெளியே வந்தவள் என்றேனே, அந்தப் பைக்குள் நோட்டும் இருந்தது. பழைய நோட்டு அது, தீர்ந்து போய் மூன்று வருஷமாக வீட்டுப் பரணில் கிடந்தது.

அடுத்த விசாரணைக்கு அதைக் கொண்டு போனாள். தடித்த அட்டை, எண்ணெய்க் கறை, ஓரங்களில் குத்தி வைத்த மாதிரித் துணித் துண்டுகள். ஜட்ஜம்மா புரட்டினார். ஒரு பக்கத்தில் டீச்சரம்மா சட்டை: தோள் பதினாலரை, கை நீளம் பத்து. மறு பக்கத்தில் யாரோ ஒரு பையனின் கால்சட்டை. இரண்டுக்கும் நடுவே, அதே கையெழுத்தில், அதே பேனாவில்:

“ஃபிரிட்ஜ். உயரம் 47, அகலம் 21, கைப்பிடிக்கு ஒன்றரை தளர விடணும். கட்டில் 78, 62. மெத்தை 75, 60. பாத்திரப் பெட்டி 24, 18. வாஷிங் மிஷின் 37, 22. பீரோ இடது பக்கம் 78, வலது பக்கம் 77½, கால் சரியில்லை. தையல் மிஷின் மேசை 48, 21.”

“இப்படி யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்” என்றார் எதிர் வக்கீல்.

டீச்சரம்மா சாட்சி சொல்ல வந்தாள். அளவு கொடுக்கப் போன அன்று, இந்தப் பெண் பீரோவுக்கு அடியில் தலையை விட்டுப் படுத்துக்கொண்டு, “அக்கா, இந்தக் காலைப் பாருங்க, அரை இஞ்சு கம்மி, ஏமாத்திட்டான்” என்று கத்தியதைச் சொன்னாள். நீதிமன்றத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஜட்ஜம்மாவும் வாயைத் துடைப்பதுபோலச் சிரிப்பைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஒரு கமிஷனரை அனுப்பி அந்த வீட்டில் இருப்பதை அளக்கச் சொன்னார். அளவு ஒத்துப் போகிற பொருள் மனுதாரருடையது, அங்கேயே கொடுத்துவிட வேண்டும் என்று உத்தரவு.

கமிஷனர் என்றால் பெரிய அதிகாரி என்று நினைத்துவிடாதீர்கள். நீதிமன்றம் நியமித்த ஒரு வக்கீல், மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஒரு அட்டை, கூட ஒரு போலீஸ்காரம்மா. அப்பா ஒரு வேனையும் மூன்று சுமை தூக்கும் ஆட்களையும் கூட்டி வந்திருந்தார். கதவைத் திறந்த மாமியார் முகத்தில் ஈயாடவில்லை. பின்னாலேயே அவள் மகன், போனைக் காதில் வைத்துக்கொண்டு யாருமில்லாத போனில் பேசிக்கொண்டே பின்கட்டுக்குப் போனான். அவள் அவனைப் பார்க்கக்கூட இல்லை. டேப்பை உதறி நீட்டினாள்.

“நான்தான் அளப்பேன்மா” என்றார் கமிஷனர்.

“அளங்க சார். மடிப்பில்லாம புடிங்க.”

ஃபிரிட்ஜ் ஒத்துப் போனது. கட்டிலும் மெத்தையும் ஒத்துப் போயின. வாஷிங் மிஷின் ஒத்துப் போனது. “இந்தப் பீரோ எங்க வீட்டுக்காரர் காலத்துல வாங்கினது. இதே மாதிரி பீரோ ஊருக்குள்ள ஆயிரம் இருக்கு” என்று மாமியார் குறுக்கே வந்து நின்றாள். கமிஷனர் இடது பக்கம் அளந்தார், எழுபத்தெட்டு. வலது பக்கம் அளந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அளந்தார். நோட்டைப் பார்த்தார். “ஆயிரம் இருக்கலாம்மா. நொண்டிப் பீரோ ஒண்ணுதான் இருக்கும்” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

பரணில் பாத்திரப் பெட்டிகள் இருந்தன, நோட்டில் இருந்த அதே அளவில். ஆட்கள் ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. நாலு வருஷம் அந்த வீட்டில் அவள் விளிம்பு உடைந்த தட்டில் சாப்பிட்டிருக்கிறாள், ஓட்டை விழுந்த வடிகட்டியில் டீ வடித்திருக்கிறாள். அவள் கொண்டு வந்த பாத்திரம் எல்லாம் ஸ்டிக்கர்கூடக் கிழியாமல் பரணில் தூங்கியிருக்கிறது. ஒவ்வொரு பெட்டி மேலும் தடித்த மையில் ‘சின்னவளுக்கு’ என்று எழுதியிருந்தது. சின்னவள் என்றால் நாத்தனார். கல்யாணம் ஆகாதவள். இவளிடம் வாங்கியதைக் கட்டி வைத்து அவளை அனுப்ப ஏற்பாடு.

“எங்களைத்தான் கட்டின துணியோட வரச் சொன்னீங்களே அத்தை, உங்க பொண்ணை மட்டும் பெட்டியோட அனுப்பறீங்களா?” என்று கேட்டாள். “உப்புப் போட்டுத்தானே சாப்பிடறீங்க?”

“நாங்க உங்ககிட்ட வாங்கினா, எங்ககிட்டயும் ஒருத்தர் கேப்பாங்க இல்ல?” என்றாள் மாமியார், ஏதோ நியாயம் பேசுகிறவள்போல. நாத்தனார் கதவோரத்தில் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் இவளுக்குக் கோபம் வரவில்லை. வர இடமில்லை.

கடைசியாக மிஷின். மாமியார் ஒரு மூலையைக் காட்டினாள். அங்கே காலால் மிதிக்கிற பழைய மிஷின் ஒன்று, துருப்பிடித்த சக்கரத்தோடு நின்றது. “இதுதான் இவ கொண்டு வந்தது.”

“இதுவா?” என்றாள் இவள்.

கமிஷனர் மேசையை அளந்தார். முப்பத்தாறு. “நாற்பத்தெட்டுன்னு இருக்கே.”

“அவ தப்பா எழுதியிருப்பா.”

‘அரை இஞ்சு’ தப்பாக எழுதினாளாம், அதுவும் பன்னிரண்டு இஞ்சு. “வீட்டுல வேற மிஷின் இல்லை. வேணும்னா தேடிப் பார்த்துக்கோங்க” என்று மாமியார் கையை விரித்தாள். கமிஷனர் பேனா மூடியைக் கழற்றினார். ‘மிஷின் கிடைக்கவில்லை’ என்று அவர் எழுதிவிட்டால் மறுபடி மனு, மறுபடி வாய்தா, அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து மூடியும்விடும்.

அப்போது மேலே யாரோ தைக்க ஆரம்பித்தார்கள்.

மோட்டார் உறுமல், நீளமான ஒரு ஓட்டம், நிற்கும்போது ஒரு ‘டக்’. அந்த டக் அவளுக்குத் தெரியும். பெடலை விட்டதும் பெல்ட் மூடியில் தட்டுகிற சத்தம். ரப்பர் வைக்க வேண்டும், வைக்க வேண்டும் என்று அவள் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்த சத்தம். பெற்ற பிள்ளையின் இருமல் எந்த அறையிலிருந்து வந்தாலும் தாய்க்குத் தெரியுமே, அதுபோல.

“சார், எழுதாதீங்க” என்றவள் படியேறி ஓடினாள். போலீஸ்காரம்மா பின்னாலேயே. மாமியார், “அது வாடகைக்கு இருக்கறவங்க வீடு, போகக் கூடாது” என்று கீழிருந்து கத்தினாள். ஊரையெல்லாம் உஷார்ப்படுத்தியவள், மாடியில் குடியிருக்கிறவளிடம் இன்றைக்கு மட்டும் தைக்காதே என்று சொல்ல மறந்துவிட்டாள்.

மாடி அறையில் மெலிந்த பெண் ஒருத்தி, தலையணை உறைகளைக் குவித்து வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். போலீஸைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். “கீழ்வீட்டம்மாதான் இந்த மிஷினை வாடகைக்குக் குடுத்தாங்க. மாசாமாசம் ஒழுங்காக் குடுத்துட்டுத்தான் இருக்கேன். நான் எதுவும் எடுக்கல.”

கமிஷனர் மூச்சு வாங்க மேலே வந்து அளந்தார். நாற்பத்தெட்டு, இருபத்தொன்று. “ஆடு திருடினவன்கூட மணியைக் கழட்டிட்டுத்தான் திருடுவான்” என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

ஊசிக்குக் கீழே பாதி தைத்த உறை ஒன்று சிக்கி நின்றது. மிஷினைத் தூக்க வந்த ஆட்களை அவள் கை காட்டி நிறுத்தினாள். “அந்தத் தையலை முடிச்சுக்கோங்கக்கா” என்றாள். அந்தப் பெண் உட்கார்ந்து முடித்தாள். நூலை வெட்டியவள் அழவில்லை, ஆனால் மிஷின் போன இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இறங்கி வரும்போது இவளுக்கு மாமியார் மேல் இருந்த கோபம் ஒரு பங்கு கூடியிருந்தது. தன் மிஷினைப் பிடுங்கியதோடு விட்டார்களா, இன்னொருத்தி வயிற்றில் தன் கையாலேயே அடிக்கவும் வைத்துவிட்டார்கள்.

வேன் கிளம்பியது. முன்னால் டிரைவர், நடுவில் அவள், ஓரத்தில் அப்பா. அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். “ஒண்ணுவிடாம வந்துடுச்சும்மா. டிரைவர் தம்பி, நேரா வீட்டுக்கு விடுப்பா.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “பெட்டியெல்லாம் பிரிக்காமத்தான் இருக்கு. அப்படியே பரண்ல ஏத்திடுவோம். மிஷினையும் துடைச்சு மூடி வெச்சுடு, ஓட்டித் தேய்ச்சுடாத. நாளைக்கு உனக்கு இன்னொரு நல்ல இடம் அமைஞ்சா, புதுசா எதுவும் வாங்க வேண்டியதில்ல பாரு.”

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். இந்த மனிதர் கெட்டவரே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கெட்டவர் என்றால் ஒரு மனு போட்டுவிடலாம்.

“அண்ணே, வீட்டுக்கு வேணாம். மருந்துக்கடைக்கு விடுங்க” என்றாள் டிரைவரிடம்.

“ஏம்மா...”

“கோர்ட்டுல ஜட்ஜம்மா என்னப்பா படிச்சாங்க? இதெல்லாம் யாரோட பொருள்னு?”

“உன்னோடதுன்னுதான்.”

“அவ்வளவுதான்ப்பா.”

மருந்துக்கடைக்காரர் அறையைத் திறந்து கொடுத்தார். ஆட்கள் மிஷினை ஜன்னலோரம் இறக்கினார்கள். மேசை சுவருக்கும் கதவுக்கும் நடுவே கச்சிதமாக உட்கார்ந்தது. எதிர்க் கடையிலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தில் டீ வந்தது. டிரைவர் காகிதக் கப்பைத் தேடினான். அவள் வேனில் ஏறி, ‘சின்னவளுக்கு’ என்று எழுதிய பெட்டி ஒன்றைக் கத்தரிக்கோலால் கிழித்தாள். எவர்சில்வர் டம்ளர்கள், பளபளவென்று, வரிசையாக.

“ஐயோ, அது புதுசும்மா. ஸ்டிக்கரைக் கிழிக்காத, ஸ்டிக்கர் இருந்தாத்தான் மதிப்பு” என்று அப்பா பதறிக்கொண்டு வந்தார்.

அவள் கிழித்தாள். நகத்தால் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொன்றாக. குழாயில் அலசி, டீயை ஊற்றி, சுமை தூக்கிய மூன்று பேருக்கும் டிரைவருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் கொடுத்தாள். அவர்கள் நடைபாதையில் குந்தி உட்கார்ந்து உறிஞ்சிக் குடித்தார்கள். ஒருவர் கைதவறி டம்ளரைக் கீழே போட்டார். அது உருண்டு போய்ச் சாக்கடை ஓரத்தில் மோதி, விளிம்பில் நசுங்கியது. அப்பா ‘ச்ச்’ என்றார். அவள் போய் எடுத்தாள், நசுங்கிய இடத்தைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தாள், கழுவினாள், அதிலேயே டீயை ஊற்றி அப்பாவிடம் நீட்டினாள்.

“மீதியெல்லாம் உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. கட்டில்ல நீங்களும் அம்மாவும் படுங்க. ஃபிரிட்ஜுல தண்ணி வெச்சுக் குடிங்க. பாத்திரமெல்லாம் அடிப்புடிக்கட்டும், ஓட்டையாகட்டும். ஒரு பெட்டி பரண்ல இருக்கறதை நான் பார்த்தேன்னா, அன்னைக்கே பழைய இரும்புக் கடையில போட்டுடுவேன்.”

“மறுபடி ஒரு கல்யாணம்னு வந்தா என்னம்மா பண்றது? சீருக்கு...”

“இது சீர் இல்லப்பா. டம்ளர். குடிங்க.”

அப்பா நசுங்கிய பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு குடித்தார்.